இடம் கொடுக்க விலை கேட்கலாமா?

குழந்தைகளுக்கென்று படங்களோடு அச்சிடப்படும் கதைப் புத்தகங்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகப் பெரியோர் கருதுவதில்லை. முப்பது பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் வர்ணம். தூக்கம் வரும்வரை படித்துக் காட்டிவிட்டு மூடி வைக்கும் பண்டம் அது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் ஒரு நாவலை நாம் பெரும்பாலும் ஆயுளில் ஒரு தரமே படிக்கிறோம். குழந்தையோ அந்த முப்பது பக்கத்தை நூறு தரம் கேட்கிறது. ஒரு சொல்லை மாற்றிப் படித்தாலும் உடனே தகப்பனைத் திருத்துகிறது. மனிதர் மனிதரை எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் முதற்பாடம் இவ்விதமாக மனப்பாடமாகிறது. ஆகவே அப்பாடம் யாது என்று கேட்பது வீண் வேலையன்று.

இவ்வகைப் புத்தகங்களுள் பல, ஒரே கருத்தைச் சுற்றி எழுந்தவை. உன்னிலிருந்து வேறுபட்டவனை வெறுக்காதே, அவனோடு நட்புக் கொள் என்பதே அது. பல இனத்தாரும் பல மதத்தாரும் ஒரே தெருவில் குடியிருக்கும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இக்கருத்தை மறுப்பார் யார்? கருத்தில் நமக்கும் வழக்கில்லை. கருத்தைச் சொல்லும் கதைகளின் போக்கிலேதான் ஒரு சந்தேகம் எழுகிறது. வேறுபட்டவன் அக்கதைகளில் எப்போது ஏற்கப்படுகிறான்? எதன் பொருட்டு ஏற்கப்படுகிறான்?

உலகமறிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். 1939-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மாண்ட்கமெரி வார்டு என்னும் பெரிய வியாபார நிறுவனம், கிறிஸ்துமஸ் காலத்தில் கடைக்கு வரும் குழந்தைகளுக்கு இனாமாக வழங்க ஒரு கதைப் புத்தகத்தைத் தானே வெளியிட விரும்பியது. அங்கே விளம்பரம் எழுதும் உத்தியோகத்திலிருந்த ராபர்ட் மே என்பவரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் மனைவி அப்போது புற்றுநோயால் படுக்கையிலிருந்தார்; கதை முடியுமுன் காலமானார். சின்னஞ்சிறு மகளுக்குப் படித்துக் காட்டியபடியே மே கதையை எழுதி முடித்தார். அவ்வாண்டிலேயே 24 லட்சம் பிரதிகள் வழங்கப்பட்டன. சிவந்த மூக்குடைய ருடால்ஃப் என்னும் பனிநாட்டு மானின் கதை அதுவே. 1949-இல் அது பாட்டாகவும் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

ருடால்ஃபின் மூக்கு விளக்குப்போல் ஒளிரும். மற்ற மான்கள் அதைக் கண்டு எள்ளுகின்றன. விளையாட்டிற் சேர்க்காமல் ஒதுக்குகின்றன. கிறிஸ்துமஸ் இரவில் மூடுபனி வழியை மறைக்கிறது. பரிசு கொண்டு வரும் தாத்தா அந்த மூக்கின் வெளிச்சத்தைக் காண்கிறார். ருடால்ஃபைச் சறுக்கு வண்டியின் முன்னே பூட்டுகிறார். பரிசுகள் யாவும் போய்ச் சேருகின்றன. எள்ளிய மான்களே போற்றுகின்றன. கதை முடிந்தது.

அன்றிரவு மூடுபனி இல்லாதிருந்தால்?

இக்கேள்வியைக் கதை கேட்பதில்லை. ஆனால் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. வானம் தெளிந்திருந்தால் ருடால்ஃப் அன்றும் ஒதுக்கப்பட்டவனே, மறுநாளும் ஒதுக்கப்பட்டவனே. அவனை எள்ளியது தவறு என்று எந்த மானும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவனுடைய மூக்கு தங்களுக்கு உபயோகப்படும் என்பதை மட்டுமே அவை உணர்ந்தன. எள்ளல் குற்றமாகவில்லை, கணக்குப் பிழையாயிற்று. அவ்வளவே.

“ஐயா, மனைவியைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் தன் மகளுக்குச் சொன்ன ஆறுதற் கதையை இப்படியும் பிய்த்துப் பார்க்க வேண்டுமா?” என்று வினவுவாரும் உளர். நியாயமான வினாவே. எள்ளப்பட்ட குழந்தைக்கு, ‘உன்னிடமும் ஓர் அரும்பொருள் உண்டு, ஒருநாள் உலகம் அறியும்’ என்று சொல்வது ஆறுதல்தான். அந்த ஆறுதலை நாம் பறிக்க விரும்பவில்லை. ஆனால் அப்புத்தகத்தைக் கேட்கும் வகுப்பறையில் எள்ளப்பட்ட குழந்தை ஒன்று இருக்குமானால், எள்ளும் குழந்தைகள் பத்து இருக்கும். அப்பத்துப் பேரும் கற்பது யாது? ‘எள்ளாதே, அவன் ஒருநாள் பயன்படக்கூடும்’ என்பதே. பயன்பட வழியில்லாதவனை எள்ளலாமோ என்று அவர்கள் கேட்டால் அக்கதையில் விடையில்லை. மூக்கும் சிவந்து, ஒளியும் வீசாத பிள்ளையின் கதி என்ன? மந்தமாகக் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த மூடுபனிக்கும் உதவாத, எந்த மறைந்த வித்தையும் வாய்க்காத சாதாரணப் பிள்ளைகள்தாம் எங்கும் மிகுதி. குறையுள்ள பிள்ளைக்கு ஏதாவது ஓர் ‘அபூர்வ சக்தி’யைக் கற்பித்து, அதைக் காட்டி அவனுக்கு இடம் வாங்கித் தரும் கதைகள் இக்காலத்தில் பெருகிவிட்டன. எழுதுவோர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். அபூர்வ சக்தியில்லாத பிள்ளையின் தாய் அப்புத்தகத்தை மூடும்போது என்ன நினைப்பாள் என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

இதற்கும் மூத்தது டென்மார்க் தேசத்து ஆண்டர்சன் 1843-இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக் குஞ்சின் கதை. சீர்திருத்த நோக்குடையோர் இக்கதையை ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும். வாத்துக் கூட்டில் பொரிந்த ஒரு குஞ்சு மற்றவற்றினின்று வேறுபட்டிருந்ததால் கொத்துப்பட்டு, உதைபட்டு, ஓடிப்போய்க் குளிர்காலம் முழுவதும் அலைகிறது. கடைசியில் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து, தான் வாத்தே அன்று, அன்னம் என்று அறிகிறது. அன்னங்கள் அதனைச் சேர்த்துக்கொள்கின்றன. கேட்போர் கண் கலங்குகிறது. ஆனால் நடந்தது யாது? வாத்துக்கள் மனம் மாறினவா? இல்லை. வாத்து முற்றத்தில் வேறுபட்ட ஒன்றுக்கு இடம் கிடைத்ததா? அதுவும் இல்லை. குஞ்சு தன் இனத்தைக் கண்டு அங்கே போய்ச் சேர்ந்துகொண்டது. அன்னத்தின் முட்டையிலிருந்து வந்தபடியால் அது உயர்ந்தது என்கிறது கதை. இது பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் பழைய பேச்சன்றி வேறென்ன? அழகற்ற வாத்தாகவே பிறந்து, அழகற்ற வாத்தாகவே வளர்ந்த குஞ்சைப் பற்றி ஆண்டர்சன் எழுதவில்லை.

எனினும் அப்பெரியவருக்கு ஒரு நீதி செய்தாக வேண்டும். கதையின் நடுவே ஒரு கிழவியின் குடிசை வருகிறது. அங்கே ஒரு கோழியும் ஒரு பூனையும் எஜமானர்களாக இருக்கின்றன. உனக்கு முட்டையிடத் தெரியுமா என்று கோழி கேட்கிறது. முதுகை வளைத்து உறுமத் தெரியுமா என்று பூனை கேட்கிறது. இரண்டும் தெரியாதென்றால் உனக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமையில்லை என்று முடிவு கட்டுகின்றன. செருப்புத் தைக்கும் தகப்பனுக்கும் துணி வெளுக்கும் தாய்க்கும் பிறந்து, பெரிய மனிதர் வீட்டு வாசல்களில் நின்று வளர்ந்தவர் ஆண்டர்சன். பயனைக் கேட்டு இடம் கொடுக்கும் உலகத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். அந்தக் கோழியையும் பூனையையும் பார்த்துச் சிரிக்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தவர், கதை முடிவில் அவற்றின் கட்சிக்கே ஏன் போனார் என்பதுதான் விளங்கவில்லை.

மூன்றாவது கதை அண்மைக் காலத்தது. சுவிட்ஸர்லாந்து தேசத்து மார்க்கஸ் ஃபிஸ்டர் 1992-இல் வெளியிட்ட வானவில் மீனின் கதை பல மொழிகளில் விற்கிறது. பளபளக்கும் செதில்களையுடைய மீன் ஒன்று, தன் அழகில் கர்வங்கொண்டு தனித்திருக்கிறது. ஒரு சின்ன நீல மீன் ஒரு செதில் கேட்கிறது. அழகு மீன் மறுத்துவிடுகிறது. அதனால் எல்லா மீன்களும் அதைப் புறக்கணிக்கின்றன. எட்டுக் கரங்களையுடைய கணவாய் ஒன்று, செதில்களைப் பங்கிட்டுக் கொடு, மகிழ்ச்சி வரும் என்று புத்தி சொல்கிறது. அவ்வாறே ஒன்றொன்றாகப் பிடுங்கிக் கொடுத்து, கடைசியில் ஒரேயொரு பளபளப்புச் செதிலோடு அது தோழர்களைப் பெறுகிறது.

ஈகையைப் புகழும் கதை என்று இதை வாங்குகிறார்கள். பொன்னையும் பொருளையும் பங்கிடுவது ஈகை. செதில் மீனுக்கு உடல். ஒரு குழந்தை தன்னிடத்தில் வேறுபட்டு நிற்பதைப் பிடுங்கியெறிந்தால்தான் பிறர் விளையாடச் சேர்ப்பார்கள் என்றால், அங்கே ஏற்கப்பட்டது அக்குழந்தையன்று. பிள்ளைகள் இதைச் சொல்லாமலே செய்கிறார்கள். சோற்றுப் பொட்டலத்தை மற்றவர் முகஞ்சுளிப்பதற்கு அஞ்சி வீட்டிலேயே விட்டுப்போகும் பிள்ளையும், பள்ளிக்கூட வாசலில் தாய் தமிழில் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையும் செதில் பிடுங்கிக் கொடுப்பவர்களே.

இம்மூன்று கதையும் இடறிய இடம் ஒன்றே. நட்பு வேறு, இடம் வேறு என்பதை இவை பிரித்துப் பார்க்கவில்லை. நட்பு மனமுவந்து வருவது; அதை யாரும் யாரிடமும் கட்டாயமாகக் கேட்க முடியாது. என் குழந்தை வகுப்பிலுள்ள நாற்பது பேரோடும் நட்புக் கொள்ள வேண்டுமென்று ஆசிரியர் உத்தரவிட்டால் அது அக்குழந்தைக்குச் செய்யும் அநியாயம். பொய் நடிப்புக்கே வழி. ஆனால் விளையாட்டு மைதானத்தில் இடம் என்பது நட்பைச் சார்ந்ததன்று. பிடிக்காதவனுக்கும் பந்து போட வேண்டும். பழக விருப்பமில்லாதவனுக்கும் பெஞ்சியில் நகர்ந்து உட்கார வேண்டும். அது அவனுக்குரிய பாக்கி, நம் தயவன்று. ருடால்ஃபுக்குப் புகழ் வேண்டியதில்லை; விளையாட்டில் ஓரிடம் போதும். அந்த இடத்தை மறுத்துவிட்டுப் பிறகு புகழைக் கொண்டுவந்து கொட்டுவதால் பாக்கி தீர்ந்துவிடாது. கொடி படரக் கொழுகொம்பில்லை என்று கண்ட பாரி, தன் தேரை விட்டுப் போனான் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறோம். அந்த முல்லை அவனுக்கு என்ன கைம்மாறு செய்தது என்று எப்புலவரும் விசாரித்ததாகக் காணோம்.

நிற்க. இது குழந்தைகள் விஷயத்தோடு நிற்பதில்லை. நம் மேடைகளில் நாம் பேசும் பேச்சைச் சிறிது கவனிப்போம். இந்நாட்டில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்க நேரும்போதெல்லாம் நாம் எதைக் காட்டுகிறோம்? காட்டை அழித்தது நாங்கள். பால்மரம் சீவியது நாங்கள். தண்டவாளம் போட்டது நாங்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதையில் மாண்டது நாங்கள் என்கிறோம். அத்தனையும் உண்மை. அவ்வரலாற்றை எழுதவும் வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டும். அவ்வுழைப்புக்குக் கூலி குறைந்த இடத்தில் கணக்குக் கேட்கவும் வேண்டும். ஆனால் குடியிருக்கும் உரிமைக்கே அதை ஆதாரமாக வைப்போமானால், சிவந்த மூக்கைக் காட்டி இடம் கேட்கிறோம் என்றே பொருள். மூடுபனி விலகிய அன்று என்ன செய்வோம்?

விலகியும் பார்த்தாயிற்று. 1968-ஆம் ஆண்டு மலேசியாவில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையில்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினர். இளமை முழுவதையும் ரப்பர்க் காட்டிலே கழித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சீவிய மரங்களின் கணக்கு அன்று துணைக்கு வரவில்லை. அதற்குப் பின்பும் தோட்டங்களின் நியதி அப்படித்தானே இருந்தது? லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். தோட்டம் துண்டாடப்பட்டபோதும், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும், வீடமைப்புக்கென்று நிலம் கைமாறியபோதும், மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே மாண்ட குடும்பங்கள் வெளியேறின. பயனுக்காகக் கொடுத்த இடம், பயன் தீர்ந்ததும் திரும்பிப் போயிற்று. முட்டையிடத் தெரியுமா என்று கேட்ட கோழியின் குடிசையில் குடியிருந்தவர் கதை அது. உழைப்பை ஒன்றும் காட்ட முடியாத நேற்றுப் பிறந்த குழந்தைக்கும், கை நடுங்கும் கிழவருக்கும் இந்நாடு சொந்தமா இல்லையா என்பதற்கு மேடைப் பேச்சில் இனியாவது ஒரு விடை வேண்டும்.

விலை கேளாத சித்திரப் புத்தகங்களே இல்லையா என்றால், உண்டு. அவற்றுட் சிலவற்றுக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. 1936-இல் மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் வரைந்த ஃபெர்டினாண்டு என்னும் காளையின் கதை அவற்றுள் ஒன்று. ஸ்பெயின் தேசத்துக் காளையாகிய ஃபெர்டினாண்டு, மற்றக் கன்றுகள் முட்டி மோதி விளையாடும்போது, தக்கை மரத்தடியில் அமர்ந்து பூக்களை முகர்ந்துகொண்டிருக்கிறது. தனிமையாயிருக்கிறதே என்று தாய் கவலைப்படுகிறாள். இதுவே அதற்கு இன்பம் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறாள். தேனீ கொட்டிய வேதனையில் அது துள்ளியதைப் பார்த்து, இதுவே வீரக் காளை என்று சண்டைக்குப் பிடித்துப் போகிறார்கள். சண்டைக் களத்தின் நடுவிலும் அது உட்கார்ந்து, வேடிக்கை பார்க்க வந்த பெண்களின் கூந்தற் பூவை முகர்கிறது. திருப்பியனுப்பிவிடுகிறார்கள். மறுபடியும் அதே மரத்தடி. அந்தக் காளை கடைசிவரை யாருக்கும் உபயோகப்படவில்லை என்பதைக் கவனிக்க. புத்தகம் வெளிவந்த ஆண்டிலேதான் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பூ முகர்ந்த காளையில் அரசியற் பிரசாரம் ஒளிந்திருப்பதாகப் பல கட்சியாரும் சண்டையிட்டனர்.

1958-இல் கார்த் வில்லியம்ஸ் முயல்களின் கல்யாணம் என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஒன்று வெள்ளை முயல். மற்றொன்று கறுப்பு முயல். இரண்டும் விளையாடி, மனமொத்து, மணந்துகொள்கின்றன. கறுப்பு முயல் எந்த வீரச்செயலும் செய்து வெள்ளை முயலைப் பெறவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் இதற்குப் பெருங் கூச்சல் எழுந்தது. மாகாண நூலகத் தலைவியாக இருந்த எமிலி ரீட் என்னும் அம்மையார், புத்தகத்தை அழிக்க மறுத்தார். எனினும் திறந்த அலமாரியிலிருந்து அதை உள்ளே எடுத்து வைக்க நேர்ந்தது. வெள்ளை மயிருள்ள மிருகங்கள் வெள்ளையருக்கு இரத்த உறவு என்பது எனக்குத் தெரியாது என்ற கருத்தில் வில்லியம்ஸ் விடையளித்தார். முயலுக்கும் ஜாதி பார்த்த அந்தக் கனவான்களை நினைத்துச் சிரிக்கலாம்தான். மாட்டுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் ஜாதி பார்த்தவர்களின் பேரர்கள் உரக்கச் சிரிக்காமலிருப்பது நல்லது.

சிங்கப்பூரிலும் 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இவ்வாறான ஒரு சம்பவம் நிகழ்ந்தது. நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு ஆண் பெங்குவின்கள் ஒரு குஞ்சை வளர்த்த மெய்ச் செய்தியைக் கூறும் புத்தகத்தோடு, வேறு இரண்டு புத்தகங்களையும் சேர்த்துத் தேசிய நூலக வாரியம் சிறுவர் பகுதியிலிருந்து நீக்கி அழிக்க முற்பட்டது. கண்டனம் எழுந்தது, தேசிய நூலகக் கட்டிடத்திலேயே பெற்றோர் சிலர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அப்புத்தகங்களைப் படித்தனர். ஒன்று அதற்குள் அழிந்துபோயிற்று. மற்ற இரண்டும் அமைச்சரின் உத்தரவால் பெரியோர் பகுதிக்கு மாறின. தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதை மறுப்பது தகாது. அயலான் பிள்ளைக்கும் சேர்த்து அலமாரியைக் காலி செய்யும் உரிமை அதில் அடங்குமா என்பதே வழக்கு.

இம்மூன்று கதையையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். காளையும் முயலும் பெங்குவினும் ஊரைக் காப்பாற்றவில்லை, பரிசு சுமக்கவில்லை, செதில் பிடுங்கித் தரவில்லை. அவை தம் போக்கில் இருந்தன, அவ்வளவே. அதுவே சிலருக்குப் பொறுக்கவில்லை. பனிமானையும் அன்னக் குஞ்சையுமோ, தயக்கமின்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அவை நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை, வேறுபட்டவனிடமே கேட்கின்றன.

இன்னும் ஒரு சங்கடம் எஞ்சியிருக்கிறது. வேறுபாடு என்றால் தோலின் நிறமும் மூக்கின் சிவப்பும் மட்டுமா? மெய்யான வேறுபாடு சில வேளை எரிச்சலூட்டும். சில வேளை சிரிப்பூட்டும். பக்கத்து வீட்டார் சமைக்கும் மணம் நமக்கு ஒவ்வாது; நம் வீட்டுப் பாட்டுச் சத்தம் அவர்களுக்கு ஒவ்வாது. அப்படியொன்றும் இல்லையென்று குழந்தையிடம் பொய் சொல்லலாகாது. இவ்வகையில் ஆர்னால்டு லோபெல் என்னும் அமெரிக்கர் தாமே எழுதித் தாமே படம் வரைந்த தவளை, தேரைக் கதைகளை எத்தனை புகழ்ந்தாலும் தகும். 1970-இல் வந்த முதற் புத்தகத்திலே நீச்சல் கதை ஒன்று இருக்கிறது. நீச்சல் உடையில் தன்னைப் பார்த்தால் வேடிக்கையாயிருக்கும் என்று தேரைக்கு வெட்கம். நீருக்குள் இறங்கும்வரை பார்க்காதே என்று தவளையிடம் கேட்டுக்கொள்கிறது. தவளையும் கண்ணை மூடிக்கொள்கிறது. குளித்து முடிந்து ஏறும் வேளையில் கரையில் ஆமை வந்து நிற்கிறது. போகச் சொல், என்கிறது தேரை. தவளை போய் உள்ளபடியே காரணத்தைச் சொல்ல, ஆமைக்குப் பார்த்தே தீரவேண்டுமென்று ஆசை பிறக்கிறது. பல்லி, பாம்பு, தும்பி, எலி எல்லாம் கூடிவிடுகின்றன. தேரை குளிர் தாங்காமல் தும்மிக்கொண்டு வெளியே வருகிறது. எல்லாம் சிரிக்கின்றன.

தவளையும் சிரிக்கிறது.

இவ்விடத்தில்தான் லோபெலின் துணிவைக் காண்கிறோம். சாதாரண எழுத்தாளர் ஒருவர் தவளையை எழுப்பி, சிரிப்பவர்களைக் கண்டித்து ஒரு பிரசங்கம் செய்ய வைத்திருப்பார். அல்லது தேரையின் உடை யாரையோ வெள்ளத்திலிருந்து காப்பாற்றியிருக்கும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நீயும் ஏன் சிரிக்கிறாய் என்று தேரை கேட்கிறது. உன் உடை வேடிக்கையாகத்தானே இருக்கிறது என்கிறது தவளை. தேரை அதை ஒப்புக்கொண்டு, தன் துணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறது. கதை அதோடு நிற்கிறது. சமாதானமில்லை, மன்னிப்பில்லை. இதை முதன்முதலாகக் கேட்கும் குழந்தை, ‘அப்புறம்?’ என்று நிச்சயமாகக் கேட்கும்.

பக்கத்தைத் திருப்ப வேண்டும். அடுத்த கதையில் தேரை தன் வீட்டுத் திண்ணையில் முகம் வாடி அமர்ந்திருக்கிறது. தவளை அந்த வழியாக வருகிறது; என்ன வருத்தம் என்று விசாரித்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறது.